விரத நாளில் ஆறு இட்லி

1

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் நிறைந்த வாரத்தில் எனக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். கொடுத்தது ஆஸ்பத்திரி. பளபளப்பான அட்டை, அதில் ஒரு ஆப்பிள் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏழு நாளைக்கு ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் காலை, மதியம், இரவு, இடையில் என்று நான்கு கட்டம். வாய்க்குள் போனதையெல்லாம் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். இங்கே எதற்கும் ஒரு படிவம் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, குழாய் ஒழுகினால் சொல்ல, குப்பைத்தொட்டி தொலைந்தால் புதிது கேட்க, எல்லாவற்றுக்கும் நிரப்பியிருக்கிறேன். வயிற்றுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் ஏழாயிரம்பண்ணைக்காரன். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வராணி சாத்தூர்க்காரி, நர்ஸ். 2002-இல் இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நம் பக்கத்திலிருந்து நர்ஸ் எடுத்த சமயத்தில் அவள் தேர்வாகி வந்தாள். அவள் பெட்டிகளோடு பெட்டியாக நானும் நாலு வயது மகள் கயலும் வந்து இறங்கினோம். இப்போது தெற்கு லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். நான் லண்டனில் பெரிய வேலையில் இருப்பதாக ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பஸ் பெரியதுதான், இரண்டு மாடி.

எனக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. ஒரு மாத்திரையில் தொடங்கி இப்போது மூன்று வகையில் வந்து நிற்கிறது. இதற்குமேல் கூட்ட மாத்திரை இல்லை, அடுத்த ரத்தப் பரிசோதனையும் இப்படியே வந்தால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசிக்கு நான் பயப்படவில்லை. ஆனால் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவன் கார் ஓட்டலாம், ஜனங்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஸ்டியரிங் பிடிப்பது. என் இங்கிலீஷோ பஸ் நிறுத்தங்களின் பெயரோடு முடிந்துவிடுகிறது. நாற்பத்தாறு வயதில், இந்தக் குளிரில், பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டால் எங்கே போவேன்?

ஊசிக்கு முன்னால் கடைசியாக ஒரு வழி பார்ப்பார்கள். உணவு ஆலோசகர் சாப்பாட்டைச் சரிசெய்து, அதில் ஏதாவது இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்வார். அதற்குத்தான் அந்த நோட்டு.

2

அந்த ஆலோசகரின் பெயர் ஹெலன். சின்ன வயது, பொறுமைசாலி. முதல் சந்திப்பிலேயே அவர் ஒரு தப்புச் செய்தார், என்னைப் பாராட்டிவிட்டார். உங்கள் பக்கத்துப் பழைய சாப்பாட்டு முறை ரொம்ப நல்லது, பருப்பு, கீரை, காய், சிறுதானியம், மோர் என்று எல்லாம் சேர்ந்த முறை, அப்படி முழுசாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் வருவது குறையலாம் என்று சொன்னார். போதாதா? இதையே செல்வராணி சொன்னால் நான் டி.வி. சத்தத்தைக் கூட்டியிருப்பேன். வெள்ளைக்காரி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நானே அந்த முறையைக் கண்டுபிடித்ததுபோல எழுந்து வந்தேன்.

அந்தத் திமிரோடுதான் நோட்டை எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் விரதம். விசா வராமல் இழுத்தடித்த காலத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது, ஆறு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இரண்டு பக்கத்திலும் ‘ஃபாஸ்டிங்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். மற்ற நாட்களில் காலையில் டீ. மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர். இரவு லேசாக டிபன். இடையில் என்ற கட்டத்தில் எல்லா நாளும் ஒரு கோடு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் யாரோ முனிவர் பஸ் ஓட்டுவது மாதிரி இருந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பொய் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு வைத்து, பரிமாறித் தின்பதுதான் கணக்கு. நின்றுகொண்டு தின்றது, டீயோடு போனது, சாமிக்குப் படைத்ததை எடுத்துக்கொண்டது, பிள்ளை வைத்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் போட்டுக்கொண்டது, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. விரதத்தன்று சோறு ஆகாது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பலகாரம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பிறந்ததிலிருந்து வீட்டில் அப்படித்தான். செல்வராணி ஆஸ்பத்திரியில் ஊருக்கே சர்க்கரை பார்க்கிற நர்ஸ். அவளும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னாள். செவ்வாய், வெள்ளி வந்தால் அவளும் சாத்தூர்க்காரிதான்.

3

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழர்கள் கூட்டம் போட்டார்கள். தலைப்பு, பாரம்பரிய உணவே மருந்து. பேசியவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவர். அவருக்கு முன்னால் அவர் வயிறு மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது. திரையில் கம்பு, கேழ்வரகு, சாமை, குதிரைவாலி என்று படம் படமாகக் காட்டினார். முன்னோர்கள் சும்மா சாப்பிடவில்லை, எல்லாவற்றுக்கும் அறிவியல் உண்டு என்றார். எந்த முன்னோர், எந்த அறிவியல் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது.

பேச்சு முடிந்ததும் விருந்து. பூரி, கிழங்கு, வெஜிடபிள் பிரியாணி, தயிர்வடை, கேசரி. கேசரிக்கு மட்டும் வரிசை வாசல்வரை நின்றது. வெளியே ஒருவர் மேஜை போட்டுக் கம்பு மாவு பாக்கெட் விற்றார். கேசரி கையோடு எல்லாரும் வாங்கினார்கள். நானும் இரண்டு வாங்கினேன்.

அன்று இரவு வீட்டில் வழக்கம்போல டிபன் முடிந்தது. முடிந்த பிறகு நெய் ஊற்றி இரண்டு கம்பு தோசை சுடச் சொல்லித் தின்றேன். வயிறு நிறைந்திருந்தது, ஆனாலும் உடம்புக்கு நல்லதாயிற்றே என்று உள்ளே தள்ளினேன். அந்த ஹாலில் கூடிய அத்தனை பேரும் அன்றைக்கு இதைத்தான் செய்திருப்பார்கள் என்று சத்தியம் செய்வேன். ஆளுக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம், ஒருவரும் ஒன்றையும் விடவில்லை.

4

முன்னோர் முன்னோர் என்கிறார்களே, எனக்குத் தெரிந்து கம்பு தின்று வளர்ந்த ஆள் என் அக்கா பேச்சியம்மாள். அவள் படத்தில் மாலையோடு தொங்குகிற முன்னோர் இல்லை. எம். புதுப்பட்டியில் இன்றைக்கும் உயிரோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருகிறாள்.

எங்கள் குடும்பம் கரிசல் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். கம்பஞ்சோறு, சோளச்சோறு, துவரை, மொச்சை, வரப்போரம் பறித்த கீரை, இவைதான் சாப்பாடு. ஆரோக்கியம் கருதி யாரும் தின்னவில்லை. வேறு கிடையாது. அதுவும் பல நாள் அரை வயிறுதான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்து நிமிர்ந்து வேலை. நெல்லுச்சோறு நல்லநாள் பெரியநாளில் மட்டும். அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஏசி ஹாலில் நின்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழை ஏய்த்து ஏய்த்துக் காடு கைவிட்ட பிறகு அக்கா கம்பெனிக்குப் போனாள். நான் லைசென்ஸ் எடுத்து அதே கம்பெனியின் வேனுக்கு டிரைவரானேன். காலை ஆறரைக்கு அவள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பேன். இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்கக் கூடாது என்று போர்மேன் உத்தரவு.

முதல் மாதம் அக்காவின் தூக்குவாளியில் கம்பஞ்சோறும் கீரையும் ஒரு வெங்காயமும் இருக்கும். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் சாப்பாடு கூடாது. எல்லாரும் கையில் ஒட்டிய சாம்பல் நிற மருந்துப் பொடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். ஒருநாள் அக்கா மூடியைத் திறந்ததும் பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏ பேச்சி, கம்பெனிக்கு வந்த பெறகும் கம்பஞ்சோறா? வாங்குத சம்பளத்த என்னதான் செய்யுத?”

வட்டமே சிரித்தது. அக்கா திரும்பி உட்கார்ந்து தின்று முடித்தாள். நான் வேன் நிழலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் கேலி மட்டும் அவளை மாற்றவில்லை. கம்பை நீர் தெளித்துக் குத்திப் புடைத்து, உலையில் போட்டு, அடிபிடிக்காமல் கிண்டி இறக்குவது சின்ன வேலை இல்லை. ரேஷன் அரிசி அரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஒருநாள் நான் ஹாரன் அடித்தபோது அக்கா வாசலுக்கு ஓடி வந்து கையை ஆட்டினாள்.

“ஏலே, ரெண்டே நிமிசம் நில்லுலே. கம்பு இன்னும் வேகல.”

சீசன் நேரம், வேன் நிறைய ஆள். நான் கிளம்பிவிட்டேன். அக்காவுக்கு அன்றைய கூலி போயிற்று. மறுநாள் சரியாக ஆறரைக்கு அவள் நின்றாள், தூக்குவாளியில் வெள்ளைச்சோறு. அன்றிலிருந்து அவள் வீட்டில் கம்பு வேகவில்லை. மேல்நாட்டு நாகரிகம் வந்து நம் உணவை அழித்துவிட்டது என்று அந்த ஹாலில் பேசினார்கள். எங்கள் வீட்டில் அழித்தது நான் அடித்த ஹாரன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் நடந்ததுதான். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே கேனில் டீ வரும், கூடவே வடையும் சேவும் வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் எண்ணெய்ப் பரோட்டா. இப்போது அக்காவுக்கும் சர்க்கரை, எனக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது. போன முறை நான் ஊருக்குக் கிளம்பும்போது கம்பு வாங்கி வைக்கச் சொல்லிப் போன் செய்தேன். அவளோ, டாக்டர் சொன்னார் என்று இங்கிருந்து இரண்டு டப்பா ஓட்ஸ் வாங்கிவரச் சொன்னாள். நான் ஓட்ஸ் சுமந்து போய்க் கம்பு சுமந்து வந்தேன். எங்கள் இருவருக்கும் சர்க்கரை அப்படியேதான் இருந்தது.

5

கயலுக்கு இப்போது பத்து வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். காலையில் கிண்ணத்தில் எதையோ போட்டுக் குளிர்ந்த பால் ஊற்றி மொறுமொறுவென்று தின்றுவிட்டுப் போய்விடுவாள். நான் பள்ளிக்கு அழைத்துவரப் போனால் கேட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுவாள். என் பேச்சு அவள் தோழிகளுக்குச் சிரிப்பாக இருக்கிறதாம். அப்பன் என்பவன் அவளுக்கு வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஒரு வெளிநாட்டுக்காரன்.

நான் ஆஸ்பத்திரி நோட்டை எழுதிய அதே வாரம் அவள் பள்ளியில் நல்ல உணவு வாரம் என்று ஒன்று கொண்டாடினார்கள். வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் அவர் சாப்பிடுவதைக் கவனித்து எழுத வேண்டும். அம்மாவின் ஷிப்ட் தாறுமாறு என்பதால் கயல் என்னைத் தேர்ந்தெடுத்தாள். நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் ஒரு பென்சிலோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேலைவிட்டு வந்ததும், டிப்போவில் என்ன தின்றீர்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்வாள். பள்ளி வேலைதானே என்று நானும் ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளை இப்போதாவது அப்பாவிடம் பேசுகிறாளே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தன் வேலையை அவள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

6

ஹெலனைப் பார்க்கப் போன அன்று பள்ளி விடுமுறை. செல்வராணிக்குப் பகல் டூட்டி. பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக வீட்டில் விட முடியாது, அதனால் கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். பையில் ஒரு கம்பு மாவு பாக்கெட்டும் வைத்திருந்தேன், ஹெலனிடம் காட்டி இன்னும் கொஞ்சம் பாராட்டு வாங்க.

அதை முதலில் எடுத்து மேஜையில் வைத்தேன். ஹெலனுக்கு ரொம்பச் சந்தோஷம். “இதை எப்போது சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார்.

“தினமும் இரவு, இரண்டு தோசை.”

“எதற்குப் பதிலாக?”

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. எதற்குப் பதிலாகவும் இல்லையே, கூடத்தானே தின்கிறேன். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் என் நோட்டைப் பிரித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. பாராட்டு வரப்போகிறது என்று நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“வாரத்தில் இரண்டு நாள் ஒன்றுமே சாப்பிடுவதில்லையா? இவ்வளவு மாத்திரை போட்டுக்கொண்டு? அந்த நாட்களிலும் பஸ் ஓட்டுகிறீர்களா?”

“ஆமாம், ஒரு நாளும் மயக்கம் வந்ததில்லை” என்றேன், பெருமையாக.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்தச் சாப்பாட்டில் குறைக்க எதுவும் இல்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் இனி உணவால் ஆகாது. டாக்டருக்கு எழுதுகிறேன், இன்சுலினைத் தள்ளிப்போட வேண்டாம். பட்டினியோடு பஸ் ஓட்டுவதையும் எழுதத்தான் வேண்டும், அது மற்றவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

சொல்லிவிட்டு ஒரு படிவத்தை எடுத்து மேலே என் பெயரை எழுத ஆரம்பித்தார்.

என் பஸ் அந்தப் படிவத்தில் போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்லி நிறுத்துவது? அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த கயல் இங்கிலீஷில் சொன்னாள். “அப்பா பட்டினி எல்லாம் கிடக்கவில்லையே. ஆறு இட்லி சாப்பிட்டார்.”

“ஏ கயலு, சும்மா இரும்மா” என்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. முதுகுப்பையைத் திறந்து தன் பள்ளி நோட்டை எடுத்தாள். டீச்சர் போட்ட தங்க நட்சத்திரம் அட்டையில் ஒட்டியிருந்தது. நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“செவ்வாய். அப்பா ஃபாஸ்டிங். எட்டு மணி: இட்லி ஆறு, தேங்காய்ச் சட்னி, பொடி, எண்ணெய். பத்தரை: டீ, சர்க்கரை இரண்டு ஸ்பூன், சேவு ஒரு கை. அப்பாவின் கை, என் கை இல்லை. ஒரு மணி: உப்புமா, வாழைப்பழம் இரண்டு. நாலு மணி: டீ, பிஸ்கட் நாலு. ஆறு மணி: ஜவ்வரிசிப் பாயசம் இரண்டு டம்ளர், ஏனென்றால் சாமிக்கு. எட்டு மணி: சப்பாத்தி நாலு, குருமா. நான் மிச்சம் வைத்த பீட்ஸா.”

நான் தமிழில் அவளிடம் சொன்னேன். “வெரதம்னா சோறு திங்கக் கூடாது தாயி, அம்புட்டுதான். இட்லி பலகாரம். அது கணக்குல வராது. அப்பா பொய் சொல்லல.”

ஹெலன் என்ன என்று கேட்டார். கயல் மொழிபெயர்த்தாள். “சாமி சோற்றை மட்டும்தான் வேண்டாம் என்கிறதாம். இட்லி பரவாயில்லையாம்.”

“இட்லியை எதில் செய்வார்கள்?” என்று கேட்டார் ஹெலன்.

“அரிசியில்” என்றாள் கயல்.

ஆறு வருடம் மாரியம்மன் முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றதெல்லாம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. கோபம் வந்தது. பிள்ளைமேல், ஹெலன்மேல், அந்தத் தங்க நட்சத்திரத்தின்மேல்கூட வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் படிவம் டாக்டரிடம் போகும். என் மானம் மிஞ்சும், பஸ் மிஞ்சாது.

“என் நோட்டு தப்பு” என்று இங்கிலீஷில் சொன்னேன். “மகள் நோட்டு சரி.”

இவ்வளவு சின்ன வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. ஹெலன் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். படிவத்தைக் குறுக்கே கிழித்துக் கூடையில் போட்டார். கயலின் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மூன்று மாதம் தருகிறேன். எனக்கு ஒரு மந்திர தானியத்தைக் கொண்டுவந்து காட்டாதீர்கள். நாள் முழுவதையும் காட்டுங்கள்” என்றார்.

7

மூன்று மாதமும் வீட்டில் சண்டைதான். கம்பு இப்போது சோற்றுக்குப் பதிலாக வந்தது, சோற்றுக்குமேல் வரவில்லை. தட்டில் பாதி கீரையும் காயும், மீதியில் பருப்பும் பயறும், ஒரு ஓரத்தில் கம்பு. டீயில் சர்க்கரை இல்லை. சேவு பாக்கெட் வீட்டுக்குள் வரக் கூடாது. டிப்போவுக்கு நடை. கோடு போட்டிருந்த அந்த ‘இடையில்’ கட்டம்தான் என் பாதி வியாதி என்று அப்போதுதான் தெரிந்தது. விரதத்தையும் விடச் சொல்லிவிட்டார்கள். மாத்திரையோடு நிஜப் பட்டினி கிடந்தால் ஆபத்தாம், பொய்ப் பட்டினி கிடந்தால் சர்க்கரையாம்.

செல்வராணி கலங்கிப்போனாள். “வெரதத்த விட்டுட்டீக, ஆத்தா கோவிச்சுக்கிட்டா விசாவுக்கு என்ன ஆகும்?” என்றாள். நல்லவேளை, விசா அலுவலகத்துப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

எனக்கு ஞானம் வந்துவிட்டதல்லவா, அடுத்தவருக்கு வழங்காமல் இருக்க முடியுமா? அக்காவுக்குப் போன் போட்டேன். கம்பெனிக்குப் போன முதல் மாதம் என்ன சாப்பிட்டாயோ அதையே சாப்பிடு, கம்பு, கீரை, பயறு, சர்க்கரை தானாகக் குறையும் என்று பத்து நிமிடம் பேசினேன். அந்தக் கம்ப்யூட்டர்காரர் தோற்றார். அக்கா முழுதும் கேட்டாள்.

“எல்லாம் சரித்தான்லே. இப்பமும் வேன் ஆறரைக்குத்தான் வருது. நீ லண்டன்லருந்து வந்து கம்பு குத்தித் தாரியா?”

போன் கார்டில் இன்னும் நிமிடங்கள் மிச்சமிருந்தன. பேச்சை வேறு பக்கம் மாற்றினேன். இங்கே கம்பு எனக்கு மாவாக, பாக்கெட்டில் வருகிறது. கீரை நறுக்கிய பையில் வருகிறது. என் ஷிப்ட் முடிந்து நடக்கப் பூங்கா இருக்கிறது. ஏழைகளின் சாப்பாட்டை அதன் நல்ல பலனோடு தின்ன இப்போது கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. இதையும் அந்த ஹாலில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. நான் டிப்போவிலிருந்து வரும்வரை கயல் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். பிரித்துப் படித்துவிட்டு, “இறங்கியிருக்குப்பா” என்று தமிழில் சொன்னாள். ரொம்ப இல்லை, ஆனால் போதும். இன்சுலின் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தது. ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை நான் இரண்டு முறை படிக்கச் சொன்னேன். அன்றைக்கு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

8

போன மாதம் ஹெலன் தமிழ் நோயாளிகளுக்காக ஒரு கூட்டம் நடத்தினார். ஒரு சின்ன அறை, முப்பது நாற்காலி. நான் வந்து என் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். கயலும் வந்தாள், ஹெலனுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல.

இப்படி ஒரு மேடைக்குத்தானே காத்திருந்தேன். ஆரம்பத்திலேயே கேட்டேன், இங்கே எத்தனை பேர் வாரத்தில் விரதம் இருக்கிறீர்கள்? பாதிக்குமேல் கை தூக்கினார்கள், பெருமையாக. அன்றைக்கு எத்தனை இட்லி என்று கேட்டேன். கைகள் மெல்ல இறங்கின. ஒருத்தரையும் நான் விடவில்லை. சாமிக்குப் படைத்த பாயசத்தைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை வைத்த மிச்சத்தைப் பற்றிக் கேட்டேன். கேசரி வரிசையையும், அதே கையில் தொங்கிய கம்பு பாக்கெட்டையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் நோட்டை நம்பியிருந்தால் ஊசி வந்து பஸ் போயிருக்கும், இந்நேரம் சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி அடுக்கிக்கொண்டிருப்பேன் என்றதும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது.

முன் வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. என் வயது இருக்கும். தடித்த கோட்டு, மடியில் கம்பளித் தொப்பி. கூட்டம் கலைந்த பிறகு எல்லாரும் போகும்வரை நின்றுவிட்டு என்னிடம் வந்தார். பேச்சைக் கேட்டதுமே நம் பக்கம் என்று தெரிந்தது.

“நானும் சாத்தூருக்குப் பக்கந்தாண்ணே. சனிக்கிழம வெரதம். அதே நோட்டுதான், நானும் நீங்க எழுதின மாதிரியேதான் எழுதிக் குடுத்தேன். வீட்ல இங்கிலீசு தெரிஞ்ச பிள்ளைக இல்ல.”

“அப்புறம்?” என்றேன்.

“ஊசி போட்டுட்டாக. எனக்கு பஸ்ஸு போயி ரெண்டு வருசமாச்சு. தள்ளுவண்டிதான் அடுக்கேன்.”

ஹெலன் மேஜையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கோட்டுக்காரர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது, வருடக்கணக்காக ஸ்டியரிங் பிடித்த கை.

“இப்ப உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தா, ஊசிய நிப்பாட்டிட்டு பஸ்ஸத் திருப்பித் தருவாகளாண்ணே? அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”